பண்பலை கேளாத பழைய வால்வுப் பெட்டி

போடிநாயக்கனூருக்குத் தென்மேற்கே, ஏலமலைச் சரிவின் அடிவாரத்தில் பொட்டிபுரம் என்னும் சிற்றூர் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் அவ்வூரில் ஒரு பெரியவர் வீட்டுக்கு நான் சென்றிருந்தேன். அவர் வீட்டுக் கூடத்தில், தேக்குப் பலகை மேசையின்மேல், பளபளப்பான மரப்பெட்டியில் அமைந்த ஜெர்மானிய வால்வு ரேடியோ ஒன்று வீற்றிருந்தது. 1950-களின் பிற்பகுதியில் செய்யப்பட்டது. ஏலக்காய் வாணிகத்தில் இருந்த அவருடைய தந்தையார் கடல்கடந்து சென்று வந்தபோது கொண்டுவந்தது. அதன் முகப்புக் கண்ணாடியின் வலக்கோடியில், எண்கள் முடியும் இடத்தில், யாரோ ஒரு குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள்.

"தம்பி, மதுரை பேசுகிறது, திருச்சியும் பேசுகிறது, கோடை மட்டும் பேசவில்லை" என்றார் பெரியவர். கோடை என்று அவர் சொன்னது கோடைக்கானல் பண்பலை நிலையத்தை. அந்நிலையம் 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது. அதைக் காட்டுவதற்காகவே அவருடைய மனைவியார் அந்தப் பொட்டை வைத்திருந்தார். பொழுது விடிந்ததும் அப்பெட்டியைப் போட்டுவிட்டே அடுக்களைக்குச் செல்வது அவ்வம்மையாரின் வழக்கம். ஆறு மாதமாக அது வாய் திறக்கவில்லை. பெட்டியைப் பார்த்த ஒருவர், "உள்ளே இருப்பவற்றை எல்லாம் எடுத்தெறிந்துவிட்டு, புதிய பலகை ஒன்றைப் பொருத்தித் தருகிறேன், வெளிக்கூடு அப்படியே இருக்கும்" என்று சொல்லியிருந்தாராம். மறுநாள் பெட்டி அவரிடம் போவதாக இருந்தது.

நோயாளியைத் தொடுமுன் மருத்துவர் கேள்வி கேட்பதைப்போல நாமும் கேட்க வேண்டும். ஒரு பெட்டி முழுவதும் ஊமையாகிவிட்டால் பழுது எங்கும் இருக்கலாம். ஓர் அலைவரிசையில் பேசி, மற்றொன்றில் பேசாதிருந்தாலோ, அப்பெட்டி தன் பழுதின் இருப்பிடத்தைப் பாதி சொல்லிவிட்டது என்றே கொள்ளலாம். இதை விளங்கிக்கொள்ள, பண்பலை என்பது என்ன, அது பெட்டிக்குள் எவ்வழியே செல்கிறது என்னும் இரண்டையும் அறிதல் வேண்டும்.

திருவிழாக் கூட்டத்தின் நடுவே ஒருவர் மத்தளம் கொட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஒவ்வோர் அடியின் வலிமையைக் கூட்டியும் குறைத்தும் செய்தி சொல்லலாம். அல்லது வலிமையை மாற்றாமல், அடிகளின் நெருக்கத்தைக் கூட்டியும் குறைத்தும் சொல்லலாம். கூட்டத்தின் இரைச்சல் வந்து கலந்தால் முதல் முறையில் சொன்ன செய்தி கெடும். இரண்டாம் முறையில் சொன்னது பெரும்பாலும் கெடாது. மத்திய அலை ஒலிபரப்பு முதல் முறையைச் சேர்ந்தது. பண்பலை இரண்டாம் முறையைச் சேர்ந்தது. கோடை மழைக்கு முன் மேற்கு மலையில் இடி முழங்கும்போது மத்திய அலையில் கரகரப்பு எழுவதும், பண்பலை தெளிவாகக் கேட்பதும் இதனால்தான். பேச்சுக்கும் பாட்டுக்கும் ஏற்ப நிலையத்தின் அதிர்வெண் தன் நடுநிலையிலிருந்து இருபுறமும் 75 கிலோஹெர்ட்ஸ் வரை அசைகிறது.

இம்முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் எட்வின் ஹோவர்ட் ஆர்ம்ஸ்டிராங் என்னும் அமெரிக்கர். 1933-இல் அதற்கான உரிமைப் பட்டயங்களைப் பெற்றார். அமெரிக்காவில் முதலில் பண்பலைக்கு ஒதுக்கப்பட்ட இடம் 42 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் வரை. 1945-இல் அரசின் ஆணையத்தார் அதை 88-க்கு மேல் நகர்த்திவிட்டனர். அதற்குமுன் மக்கள் வாங்கியிருந்த பண்பலைப் பெட்டிகள் யாவும், ஒரு திருகாணியும் தளராமல், ஒரு வால்வும் கெடாமல், பயனற்றுப் போயின. பெட்டியில் பழுதே இல்லாமல் பெட்டி ஊமையாகலாம் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டியதில்லை.

பொட்டிபுரத்துப் பெட்டியின் கதைக்கும் இதற்கும் உறவுண்டு. இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஐரோப்பிய நாடுகள் கோபன்ஹேகனில் கூடி மத்திய அலைகளைப் பங்கிட்டுக்கொண்டபோது, தோற்ற நாடாகிய ஜெர்மனிக்குக் கிடைத்தவை மிகச் சில. வேறு வழியின்றி ஜெர்மானியர் பண்பலையைப் பற்றிக்கொண்டனர். 1949 பிப்ரவரியில் மியூனிக் நகரில் ஐரோப்பாவின் முதற் பண்பலை ஒலிபரப்பு தொடங்கிற்று. ஆகவே 1950-களின் ஜெர்மானியப் பெட்டிகளில் பண்பலை இல்லாதது அரிது. ஆனால் அங்கே அக்காலத்தில் வகுத்துக்கொண்ட எல்லை 87.5 முதல் 100 வரைதான். இந்தியாவிலோ முதற் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலையில் சென்னையில் தொடங்கிற்று. ஆக, பெரியவரின் தந்தையார் வாங்கிவந்த பெட்டியில் பண்பலைப் பொத்தான் இருபது ஆண்டுக்கு மேல் வேலையின்றியே இருந்திருக்கிறது. பின்னர்க் கோடைக்கானல் நிலையம் வந்தபோதும், அது நின்ற இடம் 100.5. கண்ணாடியின் எண்கள் முடிந்தபின் அரை மெகாஹெர்ட்ஸ் அப்பால்! இத்தகைய பெட்டிகள் பலவற்றில் முள், கடைசி எண்ணைத் தாண்டியும் சற்றே செல்லும். அந்தச் சிறு இடைவெளியில்தான் அம்மையாரின் கோடை இத்தனை ஆண்டுகளாகத் தொற்றிக்கொண்டிருந்தது. குங்குமப் பொட்டு எண்களுக்கு அப்பால் இருந்ததன் காரணம் இதுவே. இதை அறியாமல் அப்பெட்டியைப் பழுதுபார்க்கப் புகுபவர் கண்ணைக் கட்டிக்கொண்டு புகுபவரே.

பழைய கண்ணாடிகளில் எண்ணை ஒட்டி மெகாசைக்கிள் என்று பொருள்படும் எழுத்துகளையும் காணலாம். அதுவும் மெகாஹெர்ட்ஸும் ஒன்றே.

முதலில் வெளியே பார்ப்போம். பண்பலை அலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வது. மத்திய அலை நிலத்தை ஒட்டி வளைந்து வரும், இது வராது. கோடைக்கானல் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அவ்வளவு உயரத்தில் நின்று நோக்கினால், இடையே தடை இல்லாவிடில், வானொலி அலைக்குரிய தொடுவானம் 180 கிலோமீட்டருக்கும் அப்பால் விழும். தென் மாவட்டங்கள் பலவற்றில் அந்நிலையம் கேட்பதற்கு அந்த உயரமே முதற்காரணம். பொட்டிபுரத்திலிருந்து அது வடகிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவு; நடுவே சமவெளி; ஊரின் வெளிப்புறத்தில் நின்றால் பழனி மலைத்தொடர் எதிரே தெரியும். ஆனால் குரங்கணிப் பக்கத்தில் மலைமடிப்புக்குள் ஒடுங்கிய ஒரு வீட்டுக்கு இதே நிலையம் எட்டாமற் போகலாம். அங்கே பெட்டியைத் திறந்து பயனில்லை. ஏரியலைத்தான் உயர்த்த வேண்டும்.

இவ்விடத்தில் ஒன்று நினைவுக்கு வருகிறது. பொட்டிபுரத்தின் பெயர் செய்தித்தாள்களில் அடிபட்டது ரேடியோவினால் அன்று, நியூட்ரினோவினால். மலையைக் குடைந்து ஆய்வுக்கூடம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சுற்றுவட்டார மக்களின் எதிர்ப்பு வலுத்தது. 2022-இல் தமிழக அரசும் அதற்கு அனுமதி தர இயலாதென உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஒரு கிலோமீட்டர் கனமுள்ள பாறையை அந்தத் துகள் இல்லாததுபோல் கடந்து செல்லும். நம் பண்பலையோ ஒரு கரட்டின் பின்னே சென்றாலே மங்கிவிடுகிறது.

பெரியவர் வீட்டு ஏரியலைப் பார்த்தேன். தட்டையான இரட்டைக் கம்பியால் செய்த இருமுனை ஏரியல், கூரைச் சட்டத்தில் கட்டியிருந்தது. இதன் நீளத்துக்குக் கணக்கு உண்டு. 100.5 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 3 மீட்டர். அதில் பாதி ஒன்றரை மீட்டர். கம்பியில் அலை சற்றே தயங்குவதால் 1.42 மீட்டர் அளவில் வெட்டுவார்கள். அது எந்தத் திசைக்குக் குறுக்கே நீண்டிருக்கிறதோ அத்திசையிலிருந்து வருவதை நன்கு பிடிக்கும். ஓடு மாற்றியபோது வேலையாட்கள் அதைக் கழற்றி, வேறு சட்டத்தில் கட்டியிருந்தார்கள். அதன் முனை கோடைக்கானலையே சுட்டிக்கொண்டிருந்தது. திருப்பிக் கட்டினேன். கோடை வரவில்லை. திருப்பியது வீணன்று, ஒரு காரணம் கழிந்தது.

இனி உள்ளே. அதற்குமுன் ஓர் எச்சரிக்கை. வால்வுப் பெட்டியின் உள்ளே 250 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னழுத்தம் உண்டு. மின்செருகியைப் பிடுங்கிய பின்னும் வடிகட்டும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். உயிரைக் கொல்லவும் வல்லது. சிலவகைப் பெட்டிகளில் உள்ளிருக்கும் உலோகச் சட்டமே மின்தொடரின் ஒரு கம்பியோடு நேராக இணைந்திருக்கும். பள்ளி மாணவர்கள் தனியே இவ்வேலையில் இறங்கலாகாது. அறிந்தவர் ஒருவர் உடனிருக்க, ஒரு கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மற்றொரு கையால் அளப்பதே பழைய தொழிலாளர் வழக்கம். மின்சாரம் கைக்குக் கை நெஞ்சின் ஊடே பாயாமல் இருப்பதற்காக.

அக்காலத்து ஜெர்மானியப் பெட்டிகளில் வால்வு வரிசை ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். ஈ.சி.சி. 85, ஈ.சி.எச். 81, ஈ.எஃப். 89, ஈ.ஏ.பி.சி. 80, ஈ.எல். 84, இவற்றோடு பச்சைக் கண்ணாக ஒளிரும் வால்வு ஒன்று. இவற்றுள் எது எந்த அலைக்கு உழைக்கிறது என்பதே நம் வினா. கடைசியிலுள்ள ஈ.எல். 84 ஒலிபெருக்கியை ஓட்டுவது, இரண்டுக்கும் பொது. மதுரை கேட்கிறது என்றால் அது நலமாக இருக்கிறது. ஈ.எஃப். 89-உம் பொது. ஈ.சி.எச். 81 இரட்டை வேலைக்காரன்: மத்திய அலையில் நிலையத்தின் அலையையும் உள்ளே பிறக்கும் அலையையும் கலப்பது, பண்பலையில் வெறும் பெருக்கியாக நிற்பது. அதன் பெரும்பகுதியும் நலம் என்று மதுரையே சான்று சொல்லிவிட்டது. ஈ.ஏ.பி.சி. 80 என்னும் ஒரே கண்ணாடிக் குமிழுக்குள் மூன்று டையோடுகளும் ஒரு டிரையோடும் குடியிருக்கின்றன. ஒரு டையோடு மத்திய அலைக்கு, இரண்டு பண்பலைக்கு. ஆகவே அது பாதி உயிரோடும் பாதி உயிரின்றியும் இருக்கக்கூடும். ஈ.சி.சி. 85 ஒன்றே முழுக்க முழுக்கப் பண்பலைக்கு உரியது. பொத்தானை மத்திய அலைக்கு மாற்றினால் அதற்கு வேலையே இல்லை. பல பெட்டிகளில் அதற்குச் செல்லும் மின்னழுத்தமும் அப்போது துண்டிக்கப்படும்.

சந்தேகத்துக்குரியவை, ஆக, நான்கு: ஈ.சி.சி. 85, ஈ.ஏ.பி.சி. 80-இன் இரண்டு டையோடுகள், பண்பலைக்கே உரிய 10.7 மெகாஹெர்ட்ஸ் சுருள்கள், இவற்றை இணைக்கும் பொத்தான்களின் தொடுமுனைகள். தொடுமுனைகளை முதலில் கவனிப்பது நன்று. மலையடிவாரத்து ஈரக்காற்றில் வெள்ளி பூசிய முனைகள் கறுத்துப்போகும். பெட்டியை அணைத்துவிட்டுப் பொத்தான்களை இருபது முப்பது முறை அழுத்தி எடுத்தாலே உயிர்பெறும் பெட்டிகள் உண்டு. இந்தப் பெட்டி அவ்வளவு எளிதில் இணங்கவில்லை.

அடுத்துக் காதைத் தீட்டிக் கேட்க வேண்டும். பண்பலைப் பொத்தானை அழுத்தியதும், நிலையம் இல்லாத இடத்தில், அருவி இரைச்சல் போன்ற 'உஸ்' என்னும் ஓசை கேட்கிறதா? கேட்டால், 10.7 மெகாஹெர்ட்ஸ் பெருக்கிகளும் பிரித்தெடுக்கும் டையோடுகளும் உழைக்கின்றன என்று பெரும்பாலும் நம்பலாம். ஓசையே இல்லையென்றால் பழுது அப்பகுதியில்தான். (ஓசை இருந்தும், நிலையம் கிடைத்தும், விசிறி ரெகுலேட்டரின் இரைச்சலும் இடியின் கரகரப்பும் கலந்து கேட்டால், பிரித்தெடுக்கும் பகுதியிலுள்ள சில மைக்ரோபாரட் அளவுள்ள மின்தேக்கி உலர்ந்துவிட்டது என்று கொள்ளுங்கள்; அதை மாற்றினால் போதும்.) பெரியவர் வீட்டில் அருவி ஓசை கேட்டது, சற்று மெலிதாக. ஆகவே என் ஐயம் முன்னே நகர்ந்து, ஈ.சி.சி. 85-இன்மேல் விழுந்தது.

அப்போது நான் கேட்ட ஒரு கேள்விக்கு அம்மையார் சொன்ன விடை, அளவுக் கருவிகளால் கிடைப்பதைக் காட்டிலும் பெரிது. "முதன்முதலில் எப்போது நின்றது, அம்மா?" என்றேன். "ஒரேயடியாக நிற்கவில்லை. காலையில் பேசும், தோட்டத்து மோட்டார்கள் ஓடத் தொடங்கினால் நின்றுவிடும். பிறகு காலையிலும் நின்றுவிட்டது" என்றார். மோட்டார்கள் ஓடும்போது சிற்றூரில் மின்னழுத்தம் தாழும். வால்வின் இழை செங்கனல் குறைந்து, அதிலிருந்து வெளிப்படும் எலெக்ட்ரான்களும் குறையும். புதிய வால்வு அதைத் தாங்கிக்கொள்ளும். தேய்ந்த வால்வு தாங்காது. வால்வு வேலைகளுள் மிகக் கடினமானது நூறு மெகாஹெர்ட்ஸுக்கு மேல் இடைவிடாது அதிர்வை உண்டாக்குவது. ஆகவே தளரும்போது முதலில் கைவிடப்படும் வேலையும் அதுவே.

ஈ.சி.சி. 85-க்குள் இரண்டு டிரையோடுகள். ஒன்று ஏரியலில் வரும் மெல்லிய அலையைப் பெருக்குவது. மற்றொன்று ஆசிலேட்டர் எனப்படும் அலையாக்கி. நாம் கேட்க விரும்பும் நிலையத்தைவிட 10.7 மெகாஹெர்ட்ஸ் மிகுதியான அலையைத் தானே பிறப்பித்துக் கலப்பது. 100.5-ஐக் கேட்க அது 111.2-இல் அதிர வேண்டும். அது அதிர்கிறதா என்று அறிய விலைமிக்க கருவி தேவையில்லை. சட்டைப்பையில் அடங்கும் சிறு பண்பலை ரேடியோ ஒன்று போதும்.

அது எப்படி என்று பாருங்கள். சிறு ரேடியோவை 100.5-இல், கோடை தெளிவாகக் கேட்கும்படி வைத்து, பெரிய பெட்டியின் அருகே வையுங்கள். பெரிய பெட்டியைப் பண்பலையில் இட்டு, முள்ளைக் கீழ்முனையிலிருந்து மெல்ல நகர்த்துங்கள். முள் 89.8-ஐ அடையும்போது அதன் அலையாக்கி 89.8-உம் 10.7-உம் கூடிய 100.5-இல் அதிரும். அருகிலுள்ள சிறு ரேடியோவுக்கு அதுவே ஒரு நிலையமாகத் தோன்றும். கோடையின் குரல் அமுங்கும், சிதறும், அல்லது ஊமையாகும். அப்படி நேர்ந்தால் அலையாக்கி உயிரோடிருக்கிறது. முள்ளைக் கோடி முதல் கோடி வரை ஓட்டியும் சிறு ரேடியோ சலனமின்றிப் பாடிக்கொண்டிருந்தால், அலையாக்கி இறந்துவிட்டது.

சிறு ரேடியோ சலனமின்றிப் பாடிற்று. ஈ.சி.சி. 85-க்குச் செல்லும் மின்னழுத்தத்தை மல்டிமீட்டரால் அளந்தேன், குறைவின்றி இருந்தது. இல்லாதிருந்தால் வழியிலுள்ள ரெசிஸ்டர் ஒன்று அறுந்திருக்கிறதெனத் தேடியிருப்பேன். ஆக, குற்றவாளி வால்வே. மறுவாரம் மதுரையில் பழைய பொருள்கள் விற்பவரிடம் பயன்படுத்தாத ஈ.சி.சி. 85 ஒன்று கிடைத்தது. அதைக் கொண்டுவந்து பொருத்தினேன். அருவி ஓசை வலுத்தது. பச்சைக் கண் அசைந்தது. கண்ணாடியின் நடுவே ஒரு நிலையம் மங்கலாக வந்தது. முள்ளைக் குங்குமப் பொட்டுக்குக் கொண்டு சென்றேன்; கோடை இல்லை.

அம்மையார் ஒன்றும் சொல்லாமல் உள்ளே சென்றுவிட்டார். எனக்கும் சற்று வெட்கமாகவே இருந்தது.

மீண்டும் சிறு ரேடியோவை எடுத்தேன். இம்முறை அதன் குரல் அமுங்கியது, ஆனால் 89.8-இல் அன்று, ஏறத்தாழ 91-இல். அப்போதுதான் விளங்கிற்று. ஒரே எண்ணுள்ள வால்வுகளேயாயினும் அவற்றின் உள்ளிருக்கும் மின்தேக்குதிறன் மயிரிழை அளவு வேறுபடும். நூறு மெகாஹெர்ட்ஸில் மயிரிழையும் பெரிதே. புதிய வால்வின் அலையாக்கி, முள் காட்டுவதைவிட 1.2 மெகாஹெர்ட்ஸ் தாழ்வாக அதிர்ந்தது. கண்ணாடி 100 என்று சொல்லுமிடத்தில் பெட்டி கேட்டது 98.8-ஐ. கோடையைக் கேட்க முள் 101.7-க்குச் செல்ல வேண்டும். அங்கே கண்ணாடியும் இல்லை, முள் செல்ல வழியும் இல்லை. பெட்டி நலமாயிற்று, ஆனால் நிலையம் அதன் எல்லைக்கு வெளியே நின்றது. 1945-இல் அமெரிக்கப் பெட்டிகளுக்கு நேர்ந்ததன் சிறு வடிவம் இது.

அலையாக்கிச் சுருளின் அருகே டிரிம்மர் என்னும் சிறு மின்தேக்கி உண்டு. அதன் தேக்குதிறனைக் குறைத்தால் அலை உயரும். உலோகத் திருப்புளியைக் கொண்டு அதைத் திருப்பலாகாது. அவ்வுலோகமே அதிர்வெண்ணை இழுத்துவிடும். மூங்கில் குச்சியை உளிபோல் சீவி எடுத்துக்கொண்டேன். கால் சுற்றுக்கும் குறைவாகவே திருப்பினேன். இங்கே ஒரு சபலம் தோன்றும்: பக்கத்திலுள்ள 10.7 மெகாஹெர்ட்ஸ் சுருள்களின் மையங்களையும் சற்றுத் திருப்பிப் பார்ப்போமே என்று. கூடாது. அவை தொழிற்சாலையில் கருவிகொண்டு இசைவிக்கப்பட்டவை. காதால் மட்டும் அவற்றைத் திரும்ப இசைவித்தல் அரிது. பழைய பெட்டிகளை முதுமை கெடுத்ததைவிடத் திருப்புளி கெடுத்ததே மிகுதி என்பது என் அனுபவம்.

எல்லை அகலுமாறு வேண்டுமென்றே இரண்டு மெகாஹெர்ட்ஸ் வரை உயர்த்தி வைத்தேன். கீழ்முனையில் அதற்கு ஈடாகச் சிறிது இழப்பு உண்டு. பொட்டிபுரத்தில் அதனால் குறையில்லை. முள்ளை மேல்நோக்கி நகர்த்திக்கொண்டு போனபோது, 100-ஐ எட்டுமுன்பே, அறை நிறையக் கோடையின் குரல் எழுந்தது. முதற் பெருக்கியின் டிரிம்மரையும் பச்சைக் கண்ணின் இதழ்கள் நெருங்கும்வரை மெல்லத் திருப்பி முடித்தேன்.

அம்மையார் அடுக்களையிலிருந்து ஈரக் கையோடு வந்தார். சிறிது நேரம் நின்று கேட்டார். "இடம் மாறிவிட்டதே" என்றார். பிறகு உள்ளே சென்று குங்குமச் சிமிழை எடுத்துவந்து, கண்ணாடியில் 99-ஐ அடுத்துப் புதிதாக ஒரு பொட்டு வைத்தார். பழைய பொட்டை அவர் துடைக்கவில்லை.